போய்விட்டு வரும் விளையாட்டு

சர்க்கரை டப்பா என்று நினைத்து இன்று காலையில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் அரிசி. நடுநடுவே பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த அரிசியும் கிடந்தது. நாம் இரண்டு பேரும் சாயம் ஏற்றி, மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்துக் காயவைத்தோமே, அதே அரிசிதான். மஞ்சளும் பழசும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடித்தது. பின்னாலேயே நாலைந்து வண்டுகள் விளிம்பில் ஏறி வந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, வண்டு" என்றேன்.

நீ மாடியில், நான் கீழே. போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய இந்தக் காம்பவுண்டில் நாம் ஒன்றாக இருந்தது கொஞ்ச காலம்தான். உன் மித்ராவுக்கும் என் நஸ்ரினுக்கும் ஒரு மாதம்தான் வித்தியாசம். நூல் மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நீ, அந்த இரண்டு வாண்டுகளையும் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துவிடுவாய். நான் தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். "ஏனுங்க அக்கா, இந்த வாரம் கொளந்தைகளுக்கு என்ன பண்ணிப்போடலாமுங்க?" என்று பக்கத்தில் உட்காருவாய். போனில் ஏதோ ஒரு நாட்டு அம்மா, வெள்ளைவெளேர் என்ற அறையில், மரத் தட்டில் மணலைப் பரப்பிக் குழந்தைக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுப்பாள். அந்தத் தட்டின் விலையைத் தேடிப் பார்த்து நாம் வாயைப் பிளந்தது உனக்கும் மறந்திருக்காது.

எனக்கு இந்தத் திட்டம் போடுகிற வேலையெல்லாம் முதலில் பிடிக்கவே இல்லை. நம்மையெல்லாம் யார் திட்டம் போட்டு வளர்த்தார்கள்? உக்கடத்தில் எங்கள் அத்தா கடை வாசலில் என்னை இறக்கிவிட்டால் நானாக விளையாடி, நானாக விழுந்து, நானாகத் தூங்கிப்போவேன். இதைச் சொன்னதும் நீ சிரித்தாய். "அதனாலதானுங்க அக்கா நீங்க ஆரைப் பாத்தாலும் எரிஞ்சு விழறீங்க" என்றாய். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கத்தரிக்கோலோடு எழுந்திருப்பேன். உன்னிடம் மட்டும் எனக்குக் கோபம் வராது. ஏன் என்று இன்று வரை தெரியவில்லை.

மரத் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் நம் இட்லித் தட்டு வந்தது. சாயம் ஏற்றிய அரிசியைக் குழிக்கு ஒரு நிறமாகப் பிரித்துப் போடுவது ஒரு விளையாட்டு. பக்கெட் விளிம்பு முழுக்கத் துணி கிளிப் மாட்டுவது ஒன்று. என் வெட்டுத் துணிகளைக் கன்னத்தில் தேய்த்து, வழவழப்பு எது, சொரசொரப்பு எது என்று சொல்வது இன்னொன்று. கொண்டைக்கடலையை எண்ணிப் போடுகிற விளையாட்டில் நஸ்ரின் ஒரு கடலையை மூக்குக்குள் தள்ளிவிட்டாள். நான் போட்ட அலறல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். நீ பதறாமல் அவளுடைய இன்னொரு மூக்குத் துளையை அழுத்திப் பிடித்து, "உஸ்ஸுன்னு ஊதுங்க கண்ணு" என்றாய். கடலை பறந்து வந்து என் மெஷின் மேல் விழுந்தது. அந்த நேரத்திலும் ரெண்டு வயசுப் பிள்ளையிடம் 'ஊதுங்க' என்று மரியாதை போட்டுப் பேச உன்னால்தான் முடியும். மித்ராவும் உன்னைப் பார்த்து அப்படியே பழகியிருந்தாள். 'அம்மா, வாங்க' என்பாள், பெரிய மனுஷி மாதிரி.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று, நீ கட்டியைப் பற்றி என்னிடம் அதிகம் பேசவில்லை. "எடுத்துப்போட்டா செரியாயிருமாமுங்க. பத்து நாள் ஆஸ்பத்திரியில இருக்கோணுமாமா. பாப்பா என்னைத் தேடி ஏங்கிப்போயிருமுங்க அக்கா. அதுக்கு ஒரு விளையாட்டு யோசிக்கோணும்" என்றாய். இதற்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் காலம்காலமாக நடப்பதுதானே? யாராவது குழந்தையைக் கொல்லைப் பக்கம் தூக்கிப்போய்க் காக்கா காட்டுவார்கள். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நழுவிவிடுவாள். நான் காக்கா காட்டுகிறேன், நீ கிளம்பு அம்மணி என்றேன்.

உன் முகம் மாறிவிட்டது. என்னிடம் நீ குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "ஏமாத்திப்போட்டுப் போகக் கூடாதுங்க அக்கா. திரும்பிப் பாக்கறப்ப அம்மா இல்லீன்னா அதுக்கு எப்படி இருக்கும்? சொல்லிப்போட்டுத்தான் போகோணும். சொல்லிப்போட்டுப் போனவங்க வருவாங்கன்னு அதுக்குத் தெரியோணும்."

அப்படித்தான் அந்த விளையாட்டு பிறந்தது. என் சமையலறை வாசலில் தொங்கும் திரைதான் அதற்கு இடம். நீ மித்ராவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "போயிட்டு வாரேனுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போவாய். அவள் "வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் நீ சிரித்துக்கொண்டே வருவாய். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று மட்டும் சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் பெரியவர்கள் அடித்துத் திருத்துவார்கள். போயிட்டு வாரேன் என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல்லையே விளையாட்டுக்கும் எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதலில் திரை. பிறகு மொட்டை மாடி. பிறகு முக்குக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருகிற நேரம். கடைசியாக உன் அம்மா வீட்டுக்கு, தொண்டாமுத்தூருக்கு, காலையில் பஸ் ஏறிப்போய்ச் சாயங்காலம் வந்தாய். நாள் முழுக்க மித்ரா அழவில்லை. நடுவில் திரைக்கு எதிரே போய் நின்று ஓரிரு தடவை கூப்பிட்டாள். பிறகு நஸ்ரினோடு கிளிப் மாட்டப் போய்விட்டாள். நீ கேட்டைத் திறந்தபோது, "வாங்க" என்று ஓடி வந்தாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு, "பாத்தீங்களா அக்கா!" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். பரீட்சையில் ஜெயித்தது நாம்தான் என்று நானும் பூரித்துப்போனேன். அன்று நான் வைத்த டீயில் சர்க்கரை அதிகம் என்று நீ குறை சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. நீ குந்தி உட்கார்ந்து, முறைப்படி, "போயிட்டு வாரேனுங்க கண்ணு" என்றாய். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுதான் தாமதம், மித்ரா "வாங்க" என்றாள். விளையாட்டின் விதி அதுதானே? நீ இறங்கி வந்தாய். அவளைக் கட்டிக்கொண்டு, "இது பெரிய விளையாட்டுங்க கண்ணு. அம்மா வர ரொம்ப நேரமாகும். பெரிம்மாகூட இருங்க" என்று என்னைக் காட்டினாய். அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவது தடவை ஏறியபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். நான் மித்ராவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை என்றார்கள். ஐசியூவுக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். பிறகு ஒரு காலையில் அவர் போன் செய்து அழுதார். உன்னை நேராகத் தொண்டாமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். குழந்தை பார்த்தால் பயந்துபோகும், நீங்களே வைத்திருங்கள் என்று பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நானும் வரவில்லை. அந்த நேரத்தில் உன் மகள் என் வீட்டில் இட்லித் தட்டில் அரிசி பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். பகலெல்லாம் அவள் என்னிடம் இருந்தாள். வேலை முடிந்து அவர் வந்து தூக்கிப்போவார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். சமத்துக் குழந்தை, அழுவதே இல்லை, நல்லவேளை, விவரம் தெரியாத வயசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விவரம் தெரியாத வயசாவது! அவள் ஏன் அழவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். தினமும் திரைக்கு எதிரே போய் நிற்பாள். "அம்மா, வாங்க" என்பாள். கொஞ்சம் காத்திருப்பாள். தான் கூப்பிட்டது சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாகக் கூப்பிடுவாள், சத்தமாகக் கூப்பிடுவாள், "வாங்க சாமி" என்று நீ அவளைக் கொஞ்சுகிற மாதிரியே கொஞ்சிக் கூப்பிடுவாள். ஒருநாள் நஸ்ரினும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சேர்ந்து கூப்பிட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

துவைக்கப் போடுகிற சாக்கில் அந்தத் திரையைக் கழற்றிப் பார்த்தேன். மித்ரா வெறும் வாசலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஈரம் காய்வதற்குள் திரும்ப மாட்டிவிட்டேன்.

நீ திட்டம் போடுவாய், நான் முணுமுணுத்துக்கொண்டே கூட வருவேன். அதுதானே நம் வழக்கம்? இப்போது நான் தனியாகத் திட்டம் போட உட்கார்ந்தேன். போன ஒன்று திரும்பி வராது என்பதை ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு எந்த விளையாட்டில் வைத்துச் சொல்வது? உன் போன் அம்மாக்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். அவர்களும் என்னென்னவோ சொல்கிறார்கள்; எனக்குப் பாதி புரியவில்லை, மீதி பிடிக்கவில்லை. பலூனை ஊதி உடைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அவள் அப்பா ஒரு கொத்துப் பலூன் வாங்கி வந்துவிட்டார். ஐஸ் கட்டியைத் தட்டில் வைத்துக் கரையவிட்டேன். இரண்டு பிள்ளைகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். "ஐஸ் போயிருச்சு பாத்தீங்களா?" என்றேன். மித்ரா யோசித்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தண்ணீர் தளும்பத் தளும்ப, பிரிட்ஜுக்கு எதிரே போய் நின்றாள். "வெக்கோணும் பெரிம்மா. வந்துரும்" என்றாள்.

நான் வைத்தேன். வேறு என்ன செய்ய? மறுநாள் வந்து திறக்கச் சொன்னாள். தட்டு முழுக்க ஐஸ் இருந்தது. அவள் கைதட்டினாள்.

உன் வீட்டுக்காரரிடம் மன்றாடினேன். "சொல்லிரலாமுங்க தம்பி. பாப்பா ஏமாறக் கூடாதுன்னு இருந்தவளுங்க உங்க ஊட்டுக்காரி" என்றேன். அவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "எப்படீங்க அக்கா சொல்றது? எனக்கே இன்னும் நம்பிக்கையில்லீங்க. கேட் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாக்கறனுங்க" என்றார். ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை கிடைத்தது. அங்கே அவருடைய அக்கா இருக்கிறார். மித்ராவை அந்த அத்தை பார்த்துக்கொள்வார் என்று முடிவாயிற்று. நல்ல மனுஷி. வந்த அன்றே மித்ராவின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார், ஊட்டிவிட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் ஆத்திரம் இன்னும் அதிகமானது. பெரிம்மா என்று கூப்பிட்டால் மட்டும் உரிமை வந்துவிடுமா? போகாதே என்று சொல்ல நான் யார்? மாடியில் இருந்து ஒவ்வொரு சாமானாக இறங்கியபோது ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருக்கிறேன். பிறகு பிரித்துத் தைத்தேன்.

போன வாரம் போனார்கள். டெம்போ முன்னால் போய்விட்டது. காரில் அத்தை மடியில் மித்ரா உட்கார்ந்திருந்தாள். "பெரிம்மாவுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லுங்க கண்ணு" என்று அத்தை சொல்லிக்கொடுத்தார். அவள் சொல்லவில்லை. என்னைத் தாண்டி, திறந்திருந்த என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை ஆட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். நான் ஜன்னலில் குனிந்தேன். ரகசியம் சொல்கிற மாதிரி என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்:

"அம்மா வந்தாங்கன்னா, பாப்பா பெருந்துறைன்னு சொல்லுங்க பெரிம்மா."

"செரிங்க கண்ணு, சொல்றேன்" என்றேன். கார் போய்விட்டது.

ஒரு வாரமாக அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். தைக்கும்போதும், நஸ்ரினுக்குச் சோறு ஊட்டும்போதும், யார் கேட்டைத் திறந்தாலும் அதுதான் நாக்கு நுனியில் நிற்கிறது. ஒரு குழந்தை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன சேதி. உரியவளிடம் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. எழுதினால் சேருமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேனே.

மித்ரா பெருந்துறையில் இருக்கிறாள், அம்மணி.