கார்த்திகை அற்பாயுசு என்று என் பெயரால் ஒட்டிய நோட்டீஸ்

அனுப்புநர்:
டாக்டர் வாலாம்பாள்,
விண்ணியல் ஆராய்ச்சியாளர்,
கிங்ஸ் சர்க்கிள் அருகில்,
மாட்டுங்கா, பம்பாய் – 19.

பெறுநர்:
திரு. பிரம்மநாயகம் அவர்கள்,
நல அதிகாரி,
கதிரொளி தொழிலாளர் நலக்கூடம்,
மாட்டுங்கா லேபர் கேம்ப், பம்பாய்.

பொருள்: தங்கள் நலக்கூடத்துப் பலகையில், தங்கள் முத்திரையுடன், என் பெயரைச் சொல்லி ஒட்டப்பட்டுள்ள ஜோதிட நோட்டீஸை அகற்றக் கோருவதும், அதனால் நின்றுபோயிருக்கும் ஒரு கல்யாணமும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை ஆங்கிலத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் பேசியதும் தமிழில், அதனால் விளைந்த கேடும் தமிழில். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். முந்தாநாள் கண்டதும் கேட்டதும் இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. எங்காவது மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. சென்ற செப்டம்பரில் யுத்தத்துக்காக ஊரெங்கும் விளக்கணைத்திருந்தபோது, நம் வானத்தில் இத்தனை நட்சத்திரமா என்று கேம்ப் மக்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள் என்றும், அதைப்பற்றி அவர்களுக்கு விளங்கும்படி ஒருவர் வந்து பேசினால் நல்லது என்றும் தாங்களே என் வீடு தேடி வந்து அழைத்தீர்கள். கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, தாங்கள் வைத்துத் தந்த மைக்கில் பேசினேன். அன்று வந்த கூட்டத்தைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

2. என்னைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதினாறு வருடங்களாக என் வேலை மிகப் பெரிய நட்சத்திரங்களைப் பற்றியது. நம் சூரியனைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு எடையுள்ளவை அவை. தெற்கே ஒரு மலைமேல் இருக்கும் வானாய்வுக்கூடத்தில் என் இளமையில் பாதி போயிற்று. ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பதித்து, அதில் விழும் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்து அளந்துகொண்டே இருப்பதுதான் அங்கே வேலை. குளிரில் விரல் விறைத்துவிடும். தட்டு கைதவறி உடைந்தால் ஒரு மாத உழைப்பு போச்சு. பிறகு இரண்டு வருடம் வெளிநாடு. இப்போது பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்கிறேன். இத்தனைக்கும் பிறகு, எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமி ஜாதகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பையனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்பாள். நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். சிரித்து நகர்ந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவிக்கிறேன் என்று தோன்றுகிறது.

3. அன்றைய பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கலக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பெரிய நட்சத்திரம் வெளிச்சத்தை வாரி இறைக்கும். அதனால் கையிருப்புச் சீக்கிரம் தீர்ந்துவிடும். சிறியது சிக்கனமாக எரிந்து ஆயிரக்கணக்கான கோடி ஆண்டுகள் இருக்கும். பெரியதற்குச் சில கோடி ஆண்டுகள்தான். இதைச் சொல்ல ஒரு தமிழ்ச் சொல் தேடி, "பெரிய நட்சத்திரங்கள் அற்பாயுசு" என்றேன். எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திரக் கூட்டமாயிற்றே என்று கார்த்திகையை உதாரணம் காட்டினேன். அந்தச் சொல் பிரமாதமாக அமைந்துவிட்டதாக வீடு திரும்பும் வழியெல்லாம் பூரித்துக்கொண்டேன்.

4. முந்தாநாள் காலை தாராவியிலிருந்து பேராச்சி என்ற அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றார். அவர் கேட்டதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "எம்மா, நீங்கதான அந்த நச்சத்திர டாக்டரு? எம் பிள்ளைய ஏம்மா அற்பாயுசுன்னு சொன்னிய? நாங்க ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ என்று நினைத்து யாரிடமோ பேசுகிறார் என்றுதான் எண்ணினேன். விசாரித்த பிறகு தெரிந்தது: அவர் மகள் தங்கமயில் கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவள். தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. கேம்பில் இருக்கும் மாப்பிள்ளையின் தாயார் ஆறுமுகத்தாய் தங்கள் பலகையில் ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

5. அப்போதே அந்த அம்மாளுடன் கிளம்பி வந்தேன். ஞாயிறு ஆதலால் தாங்கள் இல்லை. பலகையில் கண்டதை அப்படியே கீழே தருகிறேன்:

"எச்சரிக்கை! கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்த பெண்களைப் பெற்றோர் கவனிக்க! மேற்படி நட்சத்திரம் அற்பாயுசு என்று டாக்டர் வாலாம்பாள் அம்மையார் அவர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்த்து இதே மன்றத்தில் நிரூபித்துவிட்டார்கள். தக்க பரிகாரத்துக்கு அணுகவும்: ஜோதிடர் வானமாமலை, இக்கூடத்துத் தாழ்வாரம்."

அதன் அடியில் "அனுமதிக்கப்பட்டது" என்று தங்கள் அலுவலக ரப்பர் ஸ்டாம்ப். ஐயா, என் பெயர் அச்சில் வந்த கட்டுரைகள் உண்டு. அவற்றை உலகத்தில் ஐம்பது பேர் படித்திருந்தால் அதிகம். இதை ஒரு கேம்ப் முழுக்கப் படித்திருக்கிறது.

6. ஜோதிடர் வானமாமலை அங்கேயே இருந்தார். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அவர் எழுந்து நின்று கும்பிடு போட்டார். "நீங்க சொன்னதத்தானம்மா போட்டிருக்கேன். ஒரு எழுத்து கூட்டலியே" என்றார். அவரை மோசக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முழுமனதோடு நம்புகிறார், அதுதான் பயங்கரம்.

7. தாங்கள் படித்தவர், ஆகவே இதையும் சொல்கிறேன். மாமனாருக்கு ஆகாது, மாமியாருக்கு ஆகாது என்று மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் என்று நாலு நட்சத்திரத்துப் பெண்களைத்தான் இதுவரை நம்மவர் படுத்தி வைத்தார்கள். கார்த்திகையை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்த வரிசையில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்த பெருமை என் ஆராய்ச்சிக்குக் கிடைத்திருக்கிறது! நான் ஏன் கூட்டங்களை ஆராய்கிறேன் தெரியுமா? ஒரு கூட்டத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அப்படியும் ஒன்று சீக்கிரம் அணைகிறது, இன்னொன்று நின்று எரிகிறது. சேர்ந்து பிறந்த நட்சத்திரங்களுக்கே ஒரே விதி இல்லை. அவற்றுக்குக் கீழே தாராவியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அவற்றின் விதி எங்கிருந்து வரும்?

8. இதற்கிடையில் ஆறுமுகத்தாய் அம்மாள் ஒரு வழி சொல்லியிருக்கிறார். கார்த்திகைக்கு ஆயுசு கெட்டி என்று டாக்டரம்மாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கல்யாணம் நடக்குமாம். பேராச்சி அதைக் கேட்டு வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறார். எழுதிக் கொடுத்தால் பொய்யும் ஆகாது. கார்த்திகை நமக்கெல்லாம் பின்னால் கோடி கோடி ஆண்டுகள் இருக்கும். ஒரு வரி எழுதினால் ஒரு வீட்டில் மேளம் கொட்டும். ஆனால் நாளைக்கு ரோகிணிக்காரி வருவாள், அதற்கு மறுநாள் திருவாதிரைக்காரி வருவாள். ரோகிணியும் திருவாதிரையும் ஏற்கெனவே கிழடு தட்டிய நட்சத்திரங்கள். அவர்களுக்கு நான் என்ன எழுதிக் கொடுப்பேன்? முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

9. பெண்ணிடமாவது பேசலாம் என்று தாராவிக்குப் போனேன். தங்கமயில் ஒரு தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள். ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. கல்யாணம் நின்ற துக்கம் என்று அவள் தாயைப் போலவே நானும் நினைத்தேன். தாய் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவுது. அன்னைக்கு நீங்க சொன்னத நானும் ஒக்காந்து கேட்டேன். நச்சத்திரத்துக்குச் சில கோடின்னா, எனக்கு எத்தன வருசம்னு ஒரு கணக்கு இருக்கும்லா? அத மட்டும் சொல்லிருங்க" என்றாள்.

ஐயா, பதினாறு வருடத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. தான் சாகப்போகிறோம் என்று நம்பிக்கொண்டு, எப்போது என்பதை மட்டும் என்னிடம் மரியாதையாகக் கேட்கிறாள். நான் அழுதுவிட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மேற்கண்டவற்றை மனத்தில் கொண்டு தாங்கள் உடனே செய்ய வேண்டியவை: அந்த நோட்டீஸைத் தங்கள் கையாலேயே கிழித்தெறிய வேண்டும். படித்துப் பார்க்காமல் ஸ்டாம்ப் போட்டவர் யாராயினும் கண்டிக்க வேண்டும். தாழ்வாரத்தில் ஜோதிடருக்குக் கொடுத்துள்ள அனுமதியை ரத்து செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வரும் ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டத்தைத் தாங்கள் மறுபடி கூட்டித்தர வேண்டும். ஆறுமுகத்தாய் அம்மாளும் அவர் மகனும் முன் வரிசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். ஜோதிடரும் வரட்டும். நீளமாகப் பேசமாட்டேன். தங்கமயிலின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் ஆயுளுக்கும் அந்த நட்சத்திரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் எழுந்தபோது, "நீங்க நல்லவங்க, அதான் மறைக்கிறிய" என்றாள். என் வாயால் நேரில் சொன்னது அவளுக்கு வெறும் ஆறுதல். மைக்கில் சொன்னதுதான் உண்மை. ஆகவே, ஐயா, அந்த மைக்கை எனக்கு இன்னொரு முறை தாருங்கள்.

நாள்: 4-1-1966
இடம்: மாட்டுங்கா, பம்பாய்

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) வாலாம்பாள்