அந்தக் கட்டத்தில் நான் போட்ட நம்பர்

மேசை மேல் ஏலக்காய் மணக்கிறது. காலையில் உன் வீட்டுக்காரர் வந்து வைத்த துணிப்பை அது. பச்சை ஜாக்கெட் துணியில் மிச்சம் விழுந்ததை வெட்டி, வாயில் சுருக்குக் கயிறு கோத்து நீயே தைத்தது. அதில்தான் உன் போனை வைத்திருப்பாய். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பை மட்டும் நீ பொறுக்கிய காயின் வாசனையை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம். உன் மேல், அவர் மேல், எல்லோரையும்விட அதிகமாக என் மேல். இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் கொட்டினால் நாளைக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நீதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் இந்தக் கடையைத் திறந்த நாளில் முதல் ஜெராக்ஸ் எடுத்தவள் நீ. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில், வேலை முடிந்து போகிறபோதெல்லாம் எட்டிப் பார்ப்பாய். ஏலக்காய் பொறுக்குகிற இடத்தில் உன் கையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே முதல் தரம் எது, இரண்டாம் தரம் எது என்று பிரித்துவிடுவாய் என்பார்கள். அந்த விரல் போன் என்றால் மட்டும் பின்வாங்கும். "தப்பா எதையாச்சும் அமுக்கிட்டா எல்லாம் அழிஞ்சு போயிரும்டி" என்று பையோடு என்னிடம் நீட்டுவாய். நானும் "குடு இங்கன" என்று பிடுங்கி, இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுப்பேன். என்ன செய்தேன் என்று ஒருநாளும் உனக்குக் காட்டியதில்லை. காட்ட நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். நான் இல்லாமல் முடியாது என்று நாலு பேர் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

அரசு விடுதி ஒன்றில் சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீ ஓடி வந்த நாள் நினைவிருக்கிறதா? மாதா கோயில் திருவிழாவில் ஊருக்கே சமைத்தவள் நீ. "அம்பது புள்ளைக என்னடி, ஐநூறு புள்ளைகளுக்கும் ஒலை வைப்பேன்" என்றாய். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். கைபேசி எண் என்ற கட்டம் வந்தது. "வீட்டுக்காரர் நம்பரச் சொல்லு" என்றேன். யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை. ஆண் வந்து உட்கார்ந்தால் 'உங்க நம்பர்', பெண் வந்து உட்கார்ந்தால் 'வீட்டுக்காரர் நம்பர்'. கம்பம் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் இதே கேள்விதான். மேகமலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணிடமும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நீ பையின் கயிற்றைச் சுருக்கி விரித்தாய். "ஏன்டி, என் நம்பரையே போடேன்" என்றாய், மெதுவாக.

"ஒனக்கு மெசேஜ் வந்தா அத எங்க போயித் தேடுவ? பேசாம இரு" என்றேன்.

பேசாமல் இருந்தாய். நான் அவர் நம்பரைத் தட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேர்காணலுக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்தது. அவர் போனுக்கு. உன்னோடு விண்ணப்பித்த இன்னொரு பெண் நேர்காணலுக்குப் போய்விட்டு வந்து, "நீ ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் உனக்கு விஷயமே தெரிந்தது. அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும் என்பதை நான்தான் இதே திரையில் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பாத்துட்டு அழிச்சிருப்பாரு. பொண்டாட்டி சர்க்கார் வேலைக்குப் போயிட்டா திராட்சத் தோட்டத்துல மருந்தடிக்கிறவருக்குக் கௌரவம் என்னத்துக்கு ஆகும்?" நீ அழவில்லை. "அவுகள ஒண்ணும் சொல்லாதடி" என்று அந்த ஒரு வாக்கியத்தோடு எழுந்து போனாய். உனக்கு ரோஷமே இல்லை என்று அன்றைக்கு உன் முதுகுக்குப் பின்னால் சொன்னேன். அதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை பையோடு வந்து, ஓரத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். வழக்கம்போல் கையை நீட்டினேன். பட்டென்று தட்டிவிட்டாய்.

"கைய எடுடி. எங்கன அமுக்கணும்னு வாயால சொல்லு. அழிஞ்சா என்னோடது அழியட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே முக்காலி. எனக்கு எரிச்சலாக வரும். நான் இரண்டு நிமிடத்தில் முடிப்பதற்கு உனக்கு அரை மணி நேரம் ஆகும். கை தானாகப் போகும், நீ முறைப்பாய். கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். ஒருநாள் எதையோ அமுக்கி, குமுளியில் யாரோ ஒருவருக்குப் போன் போய்விட்டது. அவர் மலையாளத்தில் பேச, நீ வைக்காமல் உனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவர் வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் வைத்தாய். "பாத்தியா, ஒண்ணும் அழியல" என்றாய். அன்றைக்குத்தான் உன் பயம் விட்டது என்று நினைக்கிறேன்.

ரேஷன் கார்டில் இருந்த அவர் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரை மாற்றிய நாளில் முதல் ஓடிபி உனக்கு வந்தது. "எனக்கு வந்திருக்குடி! எனக்கு!" என்று ஆறு எண்ணையும் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாய். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதன்பிறகு போனுக்குப் பூட்டுப் போட்டாய். அந்த எண்ணை என்னிடம்கூடச் சொல்லவில்லை. "யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதான சொன்ன?" என்று சிரித்தாய். அந்த வருடம் உன்னோடு காய் பொறுக்குகிற ஐந்து பெண்களுக்கும் சேர்த்து வேளாங்கண்ணிக்கு நீயே பஸ் டிக்கெட் போட்டாய். போனை உன்னிடம் நீட்டியவர்களிடம், "ஒன் போனு, ஒன் கையி, நீயே அமுக்கு" என்றாயாம். அந்த விடுதி வேலை மட்டும் போனது போனதுதான். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழாமல் போன அன்றும் நீ ஏலக்காய்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான் அதை மன்னிக்கவே மாட்டேன்.

இன்றைக்கு அவர் வந்தார். ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டுமாம். ஓடிபி உன் நம்பருக்குத்தானே வரும்? அதனால் உன் போனைக் கொண்டு வந்திருந்தார். அணைந்துவிடாமல் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்.

"நீயே பாத்துப் பண்ணிரு தங்கச்சி" என்று பையை நீட்டினார்.

"நான் தொடமாட்டேண்ணே. நீங்களே எடுத்துப் பாருங்க. அவளுக்கு வந்த மெசேஜ அழிக்கத் தெரிஞ்சதுல்ல? இதுவும் தெரியும்" என்றேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அழிக்கல தங்கச்சி. மெசேஜ் வந்துச்சு, என்னன்னு தெரியல. எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. எட்டாவது படிச்சிருக்கான்னு பொய் சொல்லித்தான் எங்க வீட்டுல பொண்ணு கேட்டாக. யாருகிட்டயும் காட்ட வெக்கமா இருந்துச்சு."

"அவளுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மறு வாரமே கண்டுபிடிச்சிட்டா. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணா."

அடிப்பாவி. அதனால்தானா, 'என் நம்பரையே போடேன்'? அவருக்கு வந்தால் அது குப்பை என்று தெரிந்துதானே கேட்டாய்? ஏன் இன்னொரு முறை சொல்லவில்லை? என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கலாமே! அவர் மானத்தைக் காப்பாற்ற உன் வேலையைக் கொடுத்தாய். இத்தனை வருடம் நான் அவரைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாய். உன்னைப் பெருமையாக நினைக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

ஓடிபி வந்தது. பூட்டிய திரையின் மேலேயே தெரிந்தது. எழுத்துதான் வராது, எண்களை வாசிக்க அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வாசித்து, மருந்தடித்துக் காய்த்த விரலால் கீபோர்டில் அவரே அமுக்கினார். நான் வாயால் மட்டும் சொன்னேன். திரையில் குடும்பத்தில் இருக்கிறவர்களின் பெயர்கள் வந்தன. எது உன் பெயர் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவர் விரலை வைத்துவிட்டார்.

"இதுதான் அவ பேரு. போன்ல கூப்புடுறதுக்கு இது ஒண்ண மட்டும் காட்டிக் குடுத்திருக்கா."

அவருக்கு அடையாளம் தெரிந்த ஒரே சொல். அதைத்தான் நீக்க வேண்டும். "நானா அமுக்கணும்?" என்று என்னைப் பார்த்தார். என் கை முன்னால் வந்துவிட்டது. நீ தட்டிவிட்ட அதே கை. இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீங்கதாண்ணே" என்றேன். அமுக்கினார்.

பையை இங்கேயே விட்டுவிட்டு, போனை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை வரட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன். அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

அவர் போனதும் சின்னமனூரிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தது. நான் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தினேன். "உங்க நம்பர் என்ன?" என்றேன். இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் ஒரு பெண்ணிடம் நான் முதல் முறையாகக் கேட்டது அது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்.