யானிலிருந்து வரும் தாமதமான லாகின்

புதன், இரவு

எங்கள் கொள்முதல் செயலியில் கடைக்காரர்கள் எல்லோரும் சட்டென்று லாகின் ஆகிவிடுகிறார்கள். யான் என்ற சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மட்டும் தினமும் வெகுநேரம் ஆவதாக டாஷ்போர்டு காட்டியது. சர்வரில் கோளாறில்லை. காரணம் தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. இன்று அவருக்கே போன் செய்தேன்.

"ஓடிபி என் மக போனுக்குத்தான் தம்பி போகும். அவ சிங்கப்பூர்ல வேலை செய்யறா. கூப்பிட்டுக் கேட்டுக்குவேன்."

"உங்க நம்பருக்கே மாத்தித் தரவாக்கா?"

"வேணாம் லா. இதுக்குத்தான் அவ உடனே போன எடுக்கிறா."

நாளை முதல் ஓடிபி சீக்கிரமே காலாவதியாகும்படி மாற்றுவதாக இருந்தோம். மாற்றினால் அக்காவால் உள்ளே போக முடியாது. மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பழையபடியே இருக்கட்டும்" என்றார்.

எண்ணைச் சொல்லி முடித்த பிறகு அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொள்வார்கள்?