குளோரைடுக்கு ஒரு மதிப்பெண்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா கேள்வியைப் படிக்காமலே விடை எழுதுகிறாள். அதனால்தான் தோற்றாள்.

லேப் டெக்னீஷியன் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. எட்டு வருடமாக ஆஸ்பத்திரித் துணிகளில் ரத்தக் கறை போக்குகிற கைக்கு, அந்த ரத்தத்தைப் பரிசோதிக்கும் படிப்பு கிடையாதாம்.

குளோரின் கேள்விக்கு 349 என்று போட்டிருக்கிறாள். தேர்வு அலுவலகத்தின் விடைக்குறிப்பில் 1251. குளோரினின் அயனியாக்கும் ஆற்றல், அதாவது அதிலிருந்து ஒரு எலக்ட்ரானை நீக்கும் ஆற்றல், 1251 என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஊருக்கெல்லாம் டியூஷன் எடுக்கிறேன், வீட்டில் இந்த லட்சணம். கத்திவிட்டேன்.

"சரிங்க வாத்தியாரே, முதல்ல சாப்பிடு" என்றாள்.

மார்ச் 5, புதன்

அக்கா வினாத்தாளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் டியூஷனுக்குப் போனேன்.

மார்ச் 6, வியாழன்

காலையில் வினாத்தாளை என் முன்னால் போட்டாள். "சத்தமா படி."

குளோரினின் எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி மைனஸ் 349. குளோரைடு அயனியிலிருந்து ஒரு எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்?

குளோரைடு. குளோரின் இல்லை!

"1251 சும்மா இருக்கிற குளோரினுக்குடா. இது ஏற்கெனவே ஒண்ணை வாங்கி வச்சிருக்கு. வாங்கினப்ப எவ்வளவு வெளியே விட்டுச்சோ, அதைப் பிடுங்க அவ்வளவேதான் கொடுக்கணும். நீ சொல்லிக்குடுத்ததுதானே?" இடுப்பிலிருந்த தன் சின்ன மகளைப் பார்த்தாள். "இவ கணக்கு வேற. ஏறுறது சுலபம், எறக்க நாலு ஆள் வேணும்."

குறியை மாற்றினால் போதும். அவ்வளவுதான் விஷயம். விடைக்குறிப்பு போட்டவன் கேள்வியைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அச்சடித்த தாளை நம்பினேன், அக்காவை நம்பவில்லை. நான் எல்லாம் என்ன ஆளு?

மன்னிப்புக் கேட்டேன். மண்டையில் ஒரு குட்டு. வலிக்காத குட்டு.

மார்ச் 13, வியாழன்

விடைக்குறிப்பு தப்பு என்று நாங்கள் அனுப்பிய மனுவுக்குப் பதில்: விடைக்குறிப்பு இறுதியானது. ஒரு வரி. கையெழுத்துகூட இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாளை சேர்க்கைப் பட்டியலை மூடுகிறார்கள். அக்கா வேலை முடிந்து சீருடையோடு வந்தாள். தேர்வு அலுவலகத்துக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "நீ பேசினா காரியம் கெட்டுடும், சும்மா இரு."

அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை. "பெரிய படிப்புப் படிச்சவங்க போட்ட விடைம்மா."

"இருக்கட்டும் சார். எனக்கு 349 எப்படி வந்துச்சுன்னு எழுதியிருக்கேன். 1251 எப்படி வருதுன்னு நீங்க பக்கத்துல போட்டுக் காட்டுங்க."

தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை. அக்கா நகரவில்லை.

"போடுங்க சார்."