சுற்று எண்ணும்போது கூப்பிடாதே

ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உங்கள் இருமல் நின்றதா? போன கடிதத்தில் கையெழுத்து ஆடியிருந்தது. இருமிக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அங்கே குளிர், அதனால்தான் என்று நான் சொன்னேன். யார் சொன்னது சரி என்று எழுதவும். வழக்கம்போல அம்மா பாத்திரம் கழுவும்போது கடிதம் முழுவதையும் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது. கிராமங்களில் தொழிற்பயிற்சிக்கும் கல்விக்கும் கொடுக்கிற நிதியை நம் ஊர்ச் சங்கம் கேட்டிருந்ததல்லவா, அது வந்துவிட்டது. "உனக்குத்தான் நல்லா எழுத வருமே" என்று சங்கத் தலைவியான தையல்கடை அத்தை என்னைத்தான் விண்ணப்பம் எழுதச் சொன்னார். நூலகம் வேண்டும், மாலையில் உட்கார்ந்து படிக்க மேசை வேண்டும், கரண்ட் போனாலும் எரிகிற விளக்கு வேண்டும் என்று காரண காரியத்தோடு மூன்று பக்கம் எழுதினேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "இவ்வளவு எழுதறியே, பாதியில படிப்ப விட்டவங்களுக்கு ஒரு கைத்தொழில் சொல்லிக் குடுங்கன்னு ஒரு வரி போடேன்" என்றாள். கடைசிப் பக்கத்தில் இடம் மிச்சம் இருந்தது. போட்டேன்.

அப்பா, அந்த ஒரு வரிக்குத்தான் பணம் வந்திருக்கிறது!

பழைய தானியக் கிடங்குக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நான் கேட்ட மேசை, நான் கேட்ட விளக்கு, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி நிறையப் புத்தகம், எல்லாம் வந்து இறங்கிவிட்டன. ஆனால் பள்ளியை விட்டவர்களுக்கு மட்டும்தானாம். "நீதான் பள்ளிக்கூடம் போறியே கண்ணு" என்று அத்தை என் கன்னத்தைத் தட்டினார். வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு இடமில்லை. எட்டாவதோடு நின்ற அம்மாவுக்கு இடம் உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டும் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். வயலில் பம்பு மோட்டார் எரிந்துபோனால் இனி டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், நம் ஊரிலேயே புதுக் கம்பி சுற்றிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.

இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பண்டிதர்

ஜூன் 21

என் பண்டிதருக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கொண்டுவரும் சாமான் லாரி இரண்டு நாள் தாமதம். இருமல் பரவாயில்லை. குளிரும் உண்டு, இருமலும் உண்டு. அதனால் நீயும் ஜெயித்தாய், அம்மாவும் ஜெயித்தாள். மலையைக் குடையும் வேலை இன்னும் பாதிகூட ஆகவில்லை. இந்த முகாமில் போன் எடுக்காததும் ஒருவகையில் நல்லதுதான். இல்லையென்றால் எனக்குக் கடிதம் யார் எழுதுவார்கள்?

உனக்கு நடந்தது அநியாயம்தான். பல்பு மாற்றவே என்னைக் கூப்பிடுகிறவள் மோட்டார் கட்டப் போகிறாளா? கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் யார்? என்ன வயது இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன். இந்த ஒரு பத்தியை மட்டும் சத்தமாகப் படிக்காதே.

அப்பா

ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்ன பத்தியைத் தாண்டிவிட்டுத்தான் படித்தேன். வாத்தியார் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது காது கேட்காது. கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறார். நேற்று "பாத்து! பாத்து!" என்று கத்தும்போது பல்செட் கழன்று ஒயர்ச் சுருளுக்குள் விழுந்துவிட்டது. ஆகவே நீங்கள் சும்மா கேட்டதற்கு இதுதான் பதில்.

நம் வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? என் மேசை என்னுடையதாக இல்லை. அதன் மேல் மரச்சட்டம், செம்புக் கம்பி, கத்தரித்த காகிதத் துண்டுகள். வீடு முழுக்க வார்னிஷ் வாடை. அம்மா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சட்டத்தில் கம்பி ஏற்றிப் பழகுகிறாள். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறிக் கருகிவிடுமாம். அதனால் வாய்விட்டு எண்ணுகிறாள். கணக்கில் சந்தேகம் கேட்கலாம் என்று "அம்மா" என்றேன்.

"சுத்து எண்ணும்போது கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது! இப்ப மறுபடி முதல்லேருந்து!"

என்னை இப்படி யாரும் விரட்டியதில்லை. இதுவரை நான் படிக்கும்போதுதான் இந்த வீட்டில் மற்றவர்கள் மெதுவாக நடப்பார்கள்.

மாலையில் கிடங்கு வாசற்படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அந்த அலமாரியைப் பார்ப்பேன். இரண்டாவது தட்டில் நீல அட்டை போட்ட ஒரு தடித்த கதைப்புத்தகம் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்கள் வாரம் ஒன்று எடுத்துப் போகலாம். அதை எடுத்துவரச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினேன். அவள் கொண்டுவந்தது மோட்டார் படங்கள் போட்ட புத்தகம். போதாததற்கு அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை.

வாத்தியார் எல்லோர் முன்னாலும், "உங்கம்மாவுக்கு விரல்லயே கண்ணு இருக்கும்மா" என்று என்னிடம் கத்தினார். என்னைப் பற்றி எல்லோரும் சொல்வது "நல்லா மனப்பாடம் பண்றா" என்பதுதான்.

எனக்கு வயிறு எரிகிறது, அப்பா. சொந்த அம்மாவைப் பார்த்து எரியலாமா என்று தெரியவில்லை. ஆனால் எரிகிறது.

பண்டிதர்

ஜூலை 18

பண்டிதருக்கு,

பல்செட் கதையைக் கேட்டு முகாமே சிரித்தது.

வயிறு எரிவது பற்றி எழுதியிருந்தாய். எரியட்டும், தப்பில்லை. எனக்கும் ஒரு சேதி இருக்கிறது. இங்கே துளை போடும் மெஷினை ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். போன வருஷம் வந்த ஒரு சின்னப் பையனைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வந்த நாளிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறேன். எனக்கு யாரும் மேசை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை, புத்தகம் கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் எல்லாம் கிடைக்கிறது.

இனி நான் ஊருக்கு வந்தால் மோட்டார்காரி புருஷன் என்பார்கள்.

இதையும் சத்தமாகப் படிக்காதே.

அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டீக்கடைக்காரர் இப்போதே நம் வீட்டை மோட்டார் வீடு என்கிறார். நேற்று நான் போனபோது, "பாப்பா, உங்கப்பாவுக்குச் சேதி சொல்லிடு, வீட்டுல இனிமே சாவி உங்கம்மா கையில" என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் அவர்களுக்குத் தேர்வு. எழுத்துத் தேர்வு இல்லை. ஒவ்வொருவரும் ஓர் எரிந்த மோட்டாரைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அதை ஊர்க்கிணற்றில் மாட்டி ஒரு பகல் முழுக்க ஓட்டுவார்கள். கருகாமல் ஓடினால் தேறியதாகக் கணக்கு. தேறியவர்கள் கிடங்கிலேயே ரிப்பேர் கடை நடத்தலாம். கருவிகளை நிதியிலிருந்து வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு நாள் வராவிட்டாலும் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

அம்மா இப்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். "கடை ஆரம்பிச்சதும் உங்கப்பாவை வரச் சொல்லிடலாம். அந்தக் குகைக்குள்ள நின்னு இருமினது போதும். இங்க வர்ற மோட்டாரைத் தூக்கி இறக்க ஒரு ஆளு வேணும்ல" என்றாள். உங்களைக் கேட்காமலே உங்களுக்கும் வேலை போட்டுவிட்டாள். அதுவும் தூக்கி இறக்குகிற வேலை! உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். அம்மா "நல்லதுடி" என்றாள். தலை நிமிரவில்லை.

பண்டிதர்

ஆகஸ்ட் 14

மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தை விடாதே.

நான் தூக்கி இறக்குகிற ஆள் இல்லை. என் வேலையை நான்தான் முடிவு செய்வேன். வீட்டில் மேசை இல்லை, பிள்ளை கணக்குக் கேட்டால் விரட்டுகிறாய், பரிசு வாங்கி வந்தால் தலை நிமிர்வதில்லை, வீடு முழுக்க வார்னிஷ் வாடை, டீக்கடையில் சிரிக்கிறார்கள். இதற்குத்தானா நான் இங்கே கிடக்கிறேன்? போதும். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நீ கிடங்குக்குப் போகக் கூடாது. மீறிப் போனால் நான் லீவுக்கு வரமாட்டேன்.

படித்துக் காட்டிவிட்டுப் பதில் எழுது.

அப்பா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. நீங்கள் சொன்னபடி சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை.

அம்மா அப்போது கடைசிக் காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அப்பா கடிதம்" என்றேன். எண்ணிக்கொண்டே, படி என்று தலையை ஆட்டினாள். நான் ஒரு பக்கம் படிக்க, அவள் ஒரு பக்கம் எண்ண, இரண்டும் ஒன்றாகப் போயின. "தூக்கி இறக்குகிற ஆள் இல்லை" என்று நான் படித்தபோது அவள் எண்ணிக்கை நாற்பதுகளில் இருந்தது. மேசை, கணக்கு, பரிசு, வார்னிஷ் என்று வரிசையாக வந்தன. அந்த வரிகள் உங்களுடையவை இல்லை, அப்பா. எல்லாம் நான் உங்களுக்கு எழுதியவை. எனக்கு மேசை வேண்டும் என்றுதான் எழுதினேன். அம்மாவுக்கு மேசை கூடாது என்று எழுதியதாக நினைக்கவில்லை.

"கிடங்குக்குப் போகக் கூடாது" என்ற இடத்தில் அவள் கையையே பார்த்தேன். கைப்பிடி ஒரே வேகத்தில் சுற்றியது. "அறுபத்தி ஒண்ணு, அறுபத்தி ரெண்டு." ஓர் எண்ணையும் அவள் விடவில்லை. இரண்டு முறை சொல்லவும் இல்லை.

சுற்றி முடித்து, நுனியைக் கட்டி, காயிலைத் துணியில் வைத்துவிட்டு அப்புறம்தான் நிமிர்ந்தாள். "என்ன எழுதியிருக்காரு? காதுல விழல. மறுபடி படி."

கடிதம் என் கையில்தான் இருந்தது.

"இருமல் நின்னுடுச்சாம்" என்றேன்.

"அவ்வளவுதானா? ரெண்டு பக்கம் இருக்கே."

"ரொம்ப நாள் இருமல்மா. விவரமா எழுதியிருக்காரு."

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வார்னிஷ் டப்பாவை எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். காதில் விழாமல்தான் மறுபடி படிக்கச் சொன்னாளா, விழுந்த பிறகும் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் போனாள். காயில்களை மோட்டாருக்குள் இருக்கும் பள்ளங்களில் இறக்கிக் கட்டி, வார்னிஷ் காய்ந்த பிறகு அந்த மோட்டாரைக் கிணற்றில் மாட்டினார்கள். அடுத்த நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. வாத்தியார் கேட்கிற காதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பூனை மாதிரி உறுமுது!" என்று கத்தினார். பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கத்தினார். எல்லோரும் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். எனக்கு அப்போதும் கொஞ்சம் எரிந்தது. மறைக்க விரும்பவில்லை.

இனி உங்கள் கடிதங்களை நான் படித்துக் காட்டமாட்டேன். அம்மாவிடம் எதையாவது சொல்ல வேண்டுமானால் உறையில் அவள் பெயரைப் போட்டு அவளுக்கே எழுதுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும். எனக்கு எழுத்துக் கூட்ட வருவதற்கு முன்னால் உங்கள் கடிதங்களை யார் படித்தார்கள்? நான் இரண்டாம் வகுப்பில் ஆசைப்பட்டேன் என்று அவள் விட்டுக்கொடுத்தாள். அப்புறம் நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நீங்கள் லீவுக்கு வராவிட்டால் நான்தான் அதிகம் அழுவேன்.

உங்கள் மகள்,
பண்டிதர்

செப்டம்பர் 20

பண்டிதருக்கு,

லாரிக்காரரிடம் ஒரு சாக்குமூட்டை கொடுத்திருக்கிறேன். கனமானது. நீ தூக்காதே. உள்ளே முகாமின் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. கருகிவிட்டது, தூக்கிப் போடு என்றார் மேஸ்திரி. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு ஆள் நல்லா கட்டும் என்று சொல்லி வாங்கிவிட்டேன். மானம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல். சொல்ல வேண்டாம், நானே எழுதியிருக்கிறேன்.

ஒட்டிய உறை ஒன்று இதோடு இருக்கிறது. அது உனக்கு இல்லை.

மோட்டார் தயாரானால் வந்து எடுத்துப் போக ஒரு ஆள் வேண்டும். லீவு கேட்டிருக்கிறேன்.

அப்பா

செப்டம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டை வந்தது. உறையும் வந்தது.

அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். என் மேசையில் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உறையை ஓரமாகக் கிழித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது, திருப்பினாள், ஒரு இடத்தில் சிரித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்காரு?" என்றேன்.

"இருமல் நின்னுடுச்சாம்" என்றாள்.

கடிதத்தை மடித்துக் கருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அலமாரியிலிருந்து அந்த நீல அட்டைப் புத்தகத்தை ஒருவழியாகக் கொண்டுவந்திருக்கிறாள். கை நீட்டினேன். "இரு, நான் பாதியில இருக்கேன்" என்கிறாள்.

எந்த இடத்தில் சிரித்தாள் என்று எனக்கு மட்டும் எழுதுங்கள், அப்பா. சத்தமாகப் படிக்கமாட்டேன்.

பண்டிதர்