ஏழாவது வசனம்

பஸ்லினா,

நீங்கள் மார்க்கட்டால் வர முதல் நான் பிலிமத்தலாவைக் கடைக்குப் போகிறேன். பருப்புக் கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கினால் போதும்.

அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடும்போது உங்கள் இங்கிலிஷ் கொப்பியைத் திறந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். நடந்த ஒன்றுக்கு முதலே இன்னொன்று முடிந்திருந்ததைச் சொல்ல ‘ஹேட்’ (had) போட்டுப் பத்து வசனம் எழுதியிருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை என் கூடப்பிறந்த நானா குடும்பத்துக்கு முன்னால், “இந்த வயசுல ஹேட் படிச்சு யாரோட பேசப் போறீங்க?” என்று நான் சிரித்தது இதற்குத்தான்.

ஏழாவதை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். ‘என் கணவர் வந்து மன்னிப்புக் கேட்டபோது நான் நித்திரையாகியிருந்தேன்.’ மிஸ் சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கிறா.

நான் கேட்கவே இல்லையே, பஸ்லினா. மிஸ்ஸிடம் என்னை நல்ல மனுஷனாகக் காட்டியிருக்கிறீர்கள். வெட்கமாக இருக்கிறது.

முனாப்

பி.கு: திறப்பு கிடைத்தது, கொப்பிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: பின்னேரம் நானாவும் மதினியும் வருகிறார்கள். நானும் வெள்ளென வந்துவிடுவேன். அவர்கள் கண் முன்னாலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதுவரைக்கும் அந்த வசனத்தை வெட்ட வேண்டாம்.