சேறு கொதிக்கிற பள்ளம்

நவ. 23, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். கரண்ட் இல்லை. கஞ்சி, ஊறுகாய்.
சாயங்காலம் மகள் போன், திருக்கோவிலூரிலிருந்து. அவள் அம்மா ஞாயிறு மட்டும்தான் பேச விடுகிறாள். ஏதோ வீடியோவில் சேறு கொதிப்பதைப் பார்த்தாளாம்.
"அடுப்பே இல்லாம களி கிண்டுறாப்ல கீதுப்பா! உங்க மலையில இருக்குதா? இருந்தா பரீட்ச லீவுக்கு வரேன்."
தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவர்கள் தனியாகப் போனபிறகு, வருகிறேன் என்று அவளாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

24, திங்கள்
டவர் கிடைத்ததும் படித்தேன். சேறு கொதிக்க பூமிக்கு அடியில் சூடு வேண்டும். கந்தக நாற்றம் வரும். ஐஸ்லாந்து, நியூசிலாந்து, அமெரிக்காவில் யெல்லோஸ்டோன். நம் பக்கம் வெந்நீர் ஊற்று என்றால் லடாக், இமாச்சல். அந்தமானில் சேறு குமிழ் விடும், ஆனால் சுடாது. கல்வராயன் மலை எதிலும் இல்லை. எரிச்சல். இந்த மலையில் சூடாக இருப்பது என் டீ மட்டும்தான்.

26, புதன்
சுகாதார நிலையத்தில் கூட்டம். எல்லோருக்கும் சளி. மாத்திரை கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் சேறு கொதிக்கிற இடம் உண்டா என்று கேட்டேன். இருமல் மருந்துக்கு வந்த பச்சையம்மா சொன்னார்:
"எங்க மரவள்ளிக் கொல்லைக்குக் கீழ ஒரு பள்ளம் கீது சார். மழ பேஞ்சா சேறு தளதளன்னு கொதிக்கும்."

28, வெள்ளி
அரை நாள் லீவு. ஒரே வழுக்கல், செருப்பு அறுந்தது. பள்ளம் இருக்கிறது. சேறு குமிழ் விடுகிறது, நிஜமாகவே களி மாதிரி. விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. அடியில் இலைதழை மக்கிக் காற்று வருகிறது, அவ்வளவுதான்.
பச்சையம்மாவுக்குச் சிரிப்பு. "சுடும்னு நானு எப்ப சார் சொன்னேன்? எரும படுக்கிற எடம் அது."
வீடியோ எடுத்தேன். சுடுகிறதா என்று வீடியோவில் தெரியாது.

29, சனி
அனுப்பவில்லை. சுடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வருவாள். வந்து தொட்டுப் பார்த்தால் தீர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடும். ரசம் வைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. யோசனை கேட்க யார் இருக்கிறார்கள்?

30, ஞாயிறு
அனுப்பிவிட்டேன். உடனே போன்.
"சுடுதாப்பா?"
"இல்லம்மா. சில்லுனு கீது."
"அப்ப, கால வுட்டுக்கினு உக்காரலாமா?"
உட்காரலாம் என்றேன்.
"அம்மாவ கேட்டுட்டுச் சொல்றேன்."

டிச. 7, ஞாயிறு
"அம்மா, பாக்கலாம்னு சொல்லுதுப்பா." அவ்வளவுதான் பேச்சு.

10, புதன்
மழையே இல்லை. பள்ளத்தின் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. நடுவில் எப்போதாவது ஒரு குமிழ். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். கொல்லையிலிருந்து பச்சையம்மா பார்த்துவிட்டார்.
"இன்னா சார், எருமைக்கா?"
"எம் பொண்ணுக்கு."
"எப்ப வருது?"
தெரியாது என்று சொல்லிவிட்டு இன்னொரு குடம் கொண்டுவரப் போனேன்.